மூன்றாம் இடத்தில் பதினொன்று

திங்கட்கிழமை காலை, மேசைமேல் இருந்த குப்பிக்குள் அந்தத் தட்டான் லார்வா நடந்துகொண்டிருந்தது.

நடப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. தட்டான் பூச்சி றெக்கை முளைத்துப் பறப்பதற்கு முன்னால், மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், தண்ணீருக்கடியில் ஆறு கால் பிராணியாகச் சேற்றில் ஊர்ந்து திரிவதுதான். ஆனால் இந்தக் குப்பியில் இருந்தது தண்ணீரில்லை, ஸ்பிரிட். மூடியைத் திறந்த மாத்திரத்தில் மூக்கைக் குத்தி நெற்றிப்பொட்டு வரைக்கும் ஏறுகிற, எந்தப் பூச்சியையும் கொஞ்ச நேரத்தில் விறைக்க வைத்துவிடுகிற ஸ்பிரிட். அதற்குள் அது சாவகாசமாக ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து அடிவட்டத்தைச் சுற்றி வந்தது. காது கொடுத்துக் கேட்டால் நகம் கண்ணாடியில் உரசும் சத்தம்கூடக் கேட்டது.

அவர் பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்று பார்த்தார்.

ஆற்றுநீர் ஆய்வகத்தில் அவருக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஆற்றில் எட்டு இடங்களில் வலைபோட்டு அள்ளிவரும் பூச்சிகளை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, இது இன்ன இனம் என்று அடையாளம் கண்டு, அங்க அடையாளங்களை எழுதிக் கையெழுத்துப் போடுவது வேலை. எந்தப் பூச்சி உயிரோடு இருக்கிறது என்பதை வைத்தே அந்தத் தண்ணீரை வாயில் வைக்கலாமா கூடாதா என்று சொல்லிவிடலாம். அங்கே யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பூச்சி சார்தான். மனைவிகூடக் கோபம் வந்தால், "பூச்சி சாருக்கு இன்னைக்குச் சாப்பாடு வேண்டாமாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

குப்பியின் கழுத்தில் ஒரு சீட்டு கட்டியிருந்தது. "இடம் 3." பென்சில் எழுத்து. மூன்றின் வால் கீழே நீண்டு கொக்கிபோல் மடங்கியிருந்தது.

"அக்கா, இத யாரு கொண்டுவந்து வெச்சது?"

மாதிரிகளை வரவு வைக்கும் பதிவேட்டு அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "தெரியல சார். நான் வரும்போதே ஜன்னல் கட்டையில இருந்துச்சு. எடுத்து உங்க மேசையில வெச்சேன்." சீட்டைப் பார்த்தவள் சட்டென்று நிறுத்தினாள். "இந்த மூணு..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல சார். நம்ம சேத்துக்கால் போடுற மூணு மாதிரியே இருந்துச்சு."

ஆற்றில் வலைபோடும் சேத்துக்கால் செத்து ஒன்றரை மாதமாகியிருந்தது.

அவர் கதவைச் சாத்திக்கொண்டு லார்வாவை இடுக்கியால் எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். கை தன்போக்கில் வேலை செய்தது. முதலில் முகமூடி. தட்டான் லார்வாவின் கீழுதடு சாதாரண உதடு கிடையாது. முழங்கைபோல் மடங்கி மோவாயின் கீழே ஒடுங்கியிருக்கும், இரை பக்கத்தில் வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் நீண்டு போய்க் கவ்வி இழுத்துவரும். சும்மா இருக்கும்போது முகத்தையே மூடிக்கொண்டிருப்பதால் அதற்கு முகமூடி என்று பெயர். இதற்குக் கரண்டி வடிவம். கண் வரைக்கும் மூடியிருந்தது. ஓரத்து முட்களை எண்ணினார். வலப்பக்கம் ஏழு. இடப்பக்கம் ஒன்பது.

மறுபடியும் எண்ணினார். ஏழு. ஒன்பது.

இரண்டு பக்கமும் இப்படி ஒட்டாமல் இருக்கிற இனம் எதையும் அவர் இந்த இருபத்திரண்டு வருஷத்தில் பார்த்ததில்லை. ஊசியால் மெதுவாகப் புரட்டினார். இடது நடுக்கால் மட்டும் சூம்பிப்போய், மற்றதில் பாதி நீளத்தில், அறுந்து மறுபடி முளைத்த கால்போல் இருந்தது. ஐந்தாம் வயிற்று வளையத்தின் முதுகுமுள் பின்னோக்கி வளைந்திருந்தது.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். இந்த லார்வாவை அவருக்குத் தெரியும். ஏனென்றால் இப்படி ஒன்று உலகத்தில் கிடையாது. இதே அறையில், இதே மேசையில் உட்கார்ந்து, போன வருஷம் அவரே கற்பனையாக எழுதியது.

அப்போது ஆற்றில் மூன்றாம் இடத்துக்கு மேலே சாயப்பட்டறை வந்து எட்டு மாதம். மாதிரி எடுக்கப் போன சேத்துக்கால் வெறும் குப்பியோடு திரும்பி வந்தான். எப்போதும் முழங்கால் வரை சேறு அப்பிய கால்களோடு வருகிறவன் என்பதால் வந்த பெயர். "சார், மூணாம் இடத்துல ஒண்ணுமே இல்ல சார். அரைநாள் வலை போட்டேன். ஒரு கொசுப்புழுகூட இல்ல. தண்ணி மட்டும்தான் வருது, அதுவும் ஒரு மாதிரி வழுவழுன்னு" என்றான். ஒன்றுமில்லை என்று எழுதியிருக்க வேண்டும். எழுதத்தான் உட்கார்ந்தார். டைரக்டர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் வேணும். மூணாம் இடம் நல்லாருக்குன்னு வரணும். தட்டான் புழுவப் பத்தி உங்களத் தவிர இந்த ஊர்ல யாருக்கு என்ன தெரியும்? நீங்க எழுதினா எழுதினதுதான்."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் அவர் விழுந்தார். பதினொரு லார்வாக்கள் என்று எழுதினார். சுத்தமான தண்ணீரைத் தவிர வேறெங்கும் பிழைக்காத இனம் என்று எழுதினார். யாராவது படித்தால் நேரில் பார்த்து எழுதியதுபோல் இருக்க வேண்டுமே என்று முட்களில் ஒரு ஏறுமாறு, காலில் ஒரு ஊனம், முதுகுமுள்ளில் ஒரு வளைவு என்று கைவேலை செய்தார். எழுதி முடித்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த மாதமே தலைமை ஆய்வாளர் பதவியும் தனி அறையும் வந்தன.

ஆற்றோரக் குடியிருப்பின் கிணறு மூன்றாம் இடத்திலிருந்து கூப்பிடு தூரம். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அந்தக் கிணற்றை மூட வேண்டியதில்லை என்று முடிவு செய்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அங்கே ஒருவர் பின் ஒருவராகப் படுத்தார்கள். வீங்கின முகம், நின்றுபோன சிறுநீர். சேத்துக்காலின் ஆறு வயது மகள் நாலாவதோ ஐந்தாவதோ சாவு.

மகளைப் புதைத்த மறுவாரம் அவன் இந்த அறை வாசலில் வந்து நின்றான். "சார், அந்தப் பதினொண்ணையும் ஒரு தடவ காட்டுங்க சார். பாக்கணும்போல இருக்கு."

"பழைய மாதிரியெல்லாம் வீசியாச்சுப்பா."

அவன் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி சார்" என்றான். அதற்குப் பிறகு லீவு நாள் என்றுகூடப் பார்க்காமல் வலையோடு மூன்றாம் இடத்துக்குப் போய்க்கொண்டே இருந்தான் என்று கேள்வி. ஒருநாள் முழங்கால் ஆழத் தண்ணீரில் குப்புறக் கிடந்தான். கையில் வலையை விடாமல் பிடித்திருந்தானாம். கால் வழுக்கியிருக்கும் என்று எழுதி ஃபைலை மூடினார்கள்.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது குப்பி வந்தது. அதே சீட்டு, அதே கொக்கி மூன்று. உள்ளே அதே ஏழு, அதே ஒன்பது, அதே சூம்பின கால். ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது, நடுவில் ஒரு தடவை தோலுரித்து வளர்ந்ததுபோல. யாரும் இல்லாத நேரம் பார்த்து அதைத் தொட்டியில் கொட்டிக் கொதிக்கிற வெந்நீரை ஊற்றினார். ஓடு சிவந்து கால்கள் மடங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் குழாயைத் திறந்துவிட்டார். புதன்கிழமை மூன்றாவது குப்பியை ஒளித்துவைக்க அலமாரியைத் திறந்தால் முதல் குப்பிக்குப் பக்கத்தில் இரண்டாவதும் இருந்தது. உள்ளே அது நடந்துகொண்டிருந்தது.

இப்படியே தினம் ஒன்று. சனி, ஞாயிறில் வரவேண்டியவையும் சேர்ந்தே திங்கட்கிழமை காத்திருந்தன. பதிவேட்டு அக்கா முதலில் சிரித்தாள். "லீவு நாள்கூடப் பாக்காம வளருது சார், நம்மள விடச் சுறுசுறுப்பு." பிறகு சிரிப்பதை விட்டாள். பிறகு ஜன்னல் பக்கமே போகாமல் நாற்காலியை எதிர்ச்சுவர் ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவர் அறையில் பூட்டின அலமாரிக்குள்ளிருந்து பகல் முழுக்க அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது, முதலில் யாரோ தூரத்தில் அரிசி களைவதுபோல, பிறகு யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பதுபோல. ஃபேனை முழு வேகத்தில் வைத்தாலும் அதற்கடியில் கேட்டது, காதைப் பொத்தினாலும் பல் வழியாக ஏறி வந்தது. அடுத்த புதன்கிழமை பத்தாவது குப்பி. லார்வா உள்ளங்கை நீளத்துக்குக் குப்பியை அடைத்துக்கொண்டு திரும்ப இடமில்லாமல் இருந்தது. அலமாரியைத் திறந்தார். ஒன்பதும் நடப்பதை நிறுத்திவிட்டு அவர் நின்ற பக்கத்துக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றன. அவர் இடப்பக்கம் நகர்ந்தார். அவையும் நகர்ந்தன.

அன்று மதியமே சேத்துக்காலின் வீட்டுக்குப் போனார்.

அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. யாரோ மனுஷர்கள் செய்கிற காரியம் இது, அவன் பெண்டாட்டி செய்கிற காரியம். பிடித்துவிட்டால் தீர்ந்தது. குடியிருப்பில் பாதி வீடுகள் பூட்டிக்கிடந்தன. பூட்டுகளில் துரு ஏறியிருந்தது. அவள் வாசலுக்குப் பக்கத்தில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வாங்க சார். வருவீங்கன்னு தெரியும்."

"நீதான கொண்டுவந்து வைக்கிற?"

"எத சார்?"

"குப்பிய."

உள்ளங்கையால் சக்கரத்தை நிறுத்தினாள். "எத்தன வந்துச்சு?"

"பத்து."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். "கடைசி வரைக்கும் உங்கள நம்பினாரு சார். நம்ம சார் பொய் எழுதமாட்டாரு, எனக்குத்தான் சரியாத் தேடத் தெரியலன்னு சொல்லிச் சொல்லியே தண்ணியில கிடந்தாரு. காலெல்லாம் புண்ணாப் போச்சு. சாகறதுக்கு முந்தின நாள்தான் சிரிச்சாரு. 'அது ஆத்துல இல்லடி, அவர் உள்ளதான் இருக்கு. அங்கேருந்துதான் எடுக்கணும்'னாரு."

அவர் திரும்பிப் போகப் பார்த்தார்.

அவள் மெஷின் டிராயரிலிருந்து ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினாள். "அன்னைக்கு மூணாம் இடத்துல ஒண்ணுமே இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஒரு வரி போதும். மிச்சம் இருக்கிறவங்க இன்னும் அந்தக் கிணத்துலதான் எறைக்கிறாங்க. இத வெச்சுத்தான் நான் எங்கயாவது போய்ப் பேச முடியும்."

பேனாவை வாங்கினார். தாளைச் சுவரில் வைத்து "மூன்றாம்" என்றுகூட எழுதிவிட்டார். அந்த ஒரு வரி என்னென்ன செய்யும் என்பது அப்போதுதான் வரிசையாகக் கண்முன் வந்தது: விசாரணை, பேப்பரில் படம், ஜெயில். ஓய்வு பெற இன்னும் நாலே வருஷம். பேனாவை மூடினார்.

"அதெல்லாம் முடிஞ்சுபோன விஷயம்மா. இப்பக் கிளறி யாருக்கு என்ன?"

அவள் தாளைத் திரும்ப வாங்கி நாலாக மடித்தாள். முகத்தில் ஏமாற்றம்கூட இல்லை. "சரி சார். உங்கள ஒரு தடவ நேர்ல கேட்டுட்டுத்தான் மத்ததுன்னாரு. கேட்டாச்சு."

"யாரு சொன்னது?"

"என் வீட்டுக்காரர்."

"எப்ப?"

"நேத்து" என்றாள். சக்கரத்தைச் சுழற்றிவிட்டுத் துணியைத் தள்ளிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை. மழை பிடித்துக்கொண்டது. தங்கை வீட்டுக்குப் போன மனைவி ஏழு மணிக்குத்தான் வருவாள். வாசல் கதவையும் ஜன்னல்களையும் தாழ்ப்பாள் போட்டு, கூடத்தில், அடுப்படியில், படுக்கையறையில் இருந்த எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, முதுகைச் சுவரோடு ஒட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். இங்கே அலமாரிச் சத்தம் இல்லை. கூரையில் மழை, கடிகாரம், ட்யூப்லைட்டின் ரீங்காரம், அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு வாடை வந்தது. முதலில் நனைந்த சுண்ணாம்பு வாடை என்று நினைத்தார். அப்புறம் அதற்குள் ஆற்றுச்சேறு இருந்தது, அழுகின வேர் இருந்தது, எல்லாவற்றுக்கும் அடியில் நாக்கின் பின்பக்கம் இரும்புபோல் ஒட்டிக்கொள்கிற சாயப்பட்டறைத் தண்ணீர் இருந்தது.

குளியலறையில் யாரோ வலையை அலசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சத்தத்தை எத்தனையோ தடவை ஆற்றங்கரையில் நின்று கேட்டிருக்கிறார். இரண்டு முக்கு. ஒரு உதறல். சளப், சளப். சர்ர். இரண்டு முக்கு, ஒரு உதறல்.

நின்றது.

தாழ்ப்பாள் விலகியது. ஈரக்கால் சத்தம். அவசரமில்லாமல். கூடத்துத் தரையில் ஒரு சேற்றுத் தடம். இன்னொன்று. கால் கண்ணுக்குத் தெரியுமுன் தடம் தெரிந்தது.

எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டிருந்தான். சட்டைக் கையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது, நிற்கவே இல்லை. ஒரு கையில் வலை. இன்னொரு கையில் பூச்சிகளைப் பிரித்தெடுக்கும் வெள்ளைத்தட்டு. அதை அவர் மடியில் வைத்தான். தட்டு சில்லென்றிருந்தது.

"வாயத் தொறங்க சார்."

பல்லைக் கடித்துக்கொண்டார். தலையை ஆட்டினார். மாட்டேன். மாட்டேன்.

அவன் வற்புறுத்தவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். சட்டைப்பையிலிருந்து பென்சிலும் சீட்டும் எடுத்தான். காத்திருந்தான்.

நாக்கின் அடியில் ஏதோ அசைந்தது.

மடங்கியிருந்த ஒன்று. மெல்ல நிமிர்ந்தது. பல்லின் உட்பக்கத்தில் நகம். கிர்க். இன்னொரு நகம். உள்ளேயிருந்து நெம்பியது. தாடை தானாகத் திறந்தது.

தட்டில் விழுந்தது. நனைந்து, பளபளவென்று. நடக்க ஆரம்பித்தது.

"என்ன இனம் சார்?"

அவர் சொல்ல நினைக்கவில்லை. அவர் குரல் சொன்னது. "முகமூடி கரண்டி வடிவம். வலது முள் ஏழு. இடது ஒன்பது."

"காலு?"

"இடது நடுக்கால் குறை."

பென்சில் ஓடும் சத்தம். அடுத்தது தொண்டையில் ஏறியது. அதற்கடுத்தது. மூச்சுவிட இடைவெளி கிடைக்கும்போதெல்லாம் ஏழு, ஒன்பது என்று குரல் சொல்லிக்கொண்டே போனது. கண்ணில் நீர் வழிந்தது. எண்ணினார். எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஒன்பது. பத்து. பதினொன்று. முடிந்தது. உடம்பெல்லாம் தொய்ந்து, கடவுளே, முடிந்தது.

நெஞ்சுக்குள் மறுபடி நகம் உரசியது.

"பதினொண்ணுதானே..." என்றார். "பதினொண்ணுதானே எழுதினேன்."

"அது நீங்க எழுதினது சார்" என்றான் சேத்துக்கால். குரலில் கோபமே இல்லை. எழுந்து போய் வாசல் தாழ்ப்பாளை விலக்கிக் கதவை அகலத் திறந்துவைத்தான்.

மழை கொட்டியது. அந்த மழையில் வாசற்படியிலிருந்து கேட் வரைக்கும், கேட்டிலிருந்து தெருவிளக்கு வரைக்கும், அதற்கப்பால் வெளிச்சம் போகாத இடத்திலும், ஆற்றோரக் குடியிருப்புக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். ஆணும் பெண்ணும். வீங்கின முகங்கள். ஒருவரும் முண்டியடிக்கவில்லை. ஒருவரும் பேசவில்லை. ஒவ்வொருவர் கையிலும் மூடி திறந்த ஒரு கண்ணாடிக் குப்பி.

முதலில் நின்றது ஆறு வயதுப் பெண். படியேறி உள்ளே வந்தாள். நாற்காலிக்கு முன்னால் நின்று, எட்டாமல் நுனிக்காலில் எக்கி, இரண்டு கைகளாலும் குப்பியைத் தூக்கி அவர் மோவாய்க்குக் கீழே பிடித்தாள்.